மூன்றாவது வாக்குச்சீட்டு கேட்டு

ஹெம்லாக் ஊராட்சி,
வடக்கு விஸ்கான்சின்,
அக்டோபர் 24, வியாழன்.

ஊராட்சி எழுத்தரும் தேர்தல் பொறுப்பாளரும் நாய் உரிம அதிகாரியுமான திருமதி வெர்னா பெல்சர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

உடன்பிறந்த அண்ணன் லேலண்ட் ஸ்கோகன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் கணவர் கிளாரன்ஸும் தங்கள் வீட்டுக் கோழிகள் அனைத்தும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் இது அலுவலகக் கடிதம், இதில் பொய் எழுதினால் குற்றம் என்று தாங்களே போன வாரம் மிரட்டியதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

விஷயம் என்னவென்றால், ஜனாதிபதி தேர்தலுக்காக எனக்கு அனுப்பப்பட்ட தபால் வாக்குச்சீட்டு இரண்டும் பாழாகிவிட்டபடியால் மூன்றாவது ஒன்று அனுப்பித் தர வேண்டும். ஒரு வாக்காளருக்கு மூன்றுதான், அதற்கு மேல் கடவுளே கேட்டாலும் கிடையாது என்று தாங்கள் சொன்னது காதில் இருக்கிறது. "இனிமே போன் பண்ணாதே, நான் எடுக்க மாட்டேன், எதுவா இருந்தாலும் எழுத்துல குடு" என்று சொன்னதும் இருக்கிறது. அதனால் எழுத்தில் கொடுக்கிறேன். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன் நான். பனியிலும் புயலிலும் ஒரு திருப்பம் தப்பாகத் திரும்பியதில்லை. அப்பேர்ப்பட்டவன் வேட்பாளர் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு சின்ன வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக்கத் தெரியாமல் இரண்டு சீட்டைக் கெடுத்தது எப்படி என்று அரசாங்கம் கேட்டால் தாங்கள் பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காக, நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதல் சீட்டு வந்த அன்று சாட்சிக்கு ஆள் தேடினேன். சாட்சிக் கையெழுத்து இல்லாவிட்டால் தபால் ஓட்டு செல்லாது என்பது தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டுக்கு அரை மைலுக்குள் ஆள் என்று இருப்பது ட்வெய்ன் குபியாக் ஒருத்தன்தான். அவன் வீட்டுக் கூரையைவிடப் பெரிதாக, எதிர்க்கட்சி வேட்பாளரான அந்த ஆளின் கொடி பறக்கிறது. எந்த ஆள் என்று தங்களுக்குத் தெரியும். பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. சட்டப்படி வெற்றுச் சீட்டைச் சாட்சிக்குக் காட்டிவிட்டு, அவன் இருக்கும்போதே, அவன் பார்க்காதபடி ஓட்டுப் போட வேண்டுமல்லவா, அதற்காக ட்வெய்ன் தன் சமையலறையில் ஃபிரிட்ஜைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். நான் மேஜை முன்னால் பேனாவோடு உட்கார்ந்தேன். அவன் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பல் டாக்டர் அட்டையை உரக்கப் படித்து முடித்து, கால்பந்து ஆட்ட அட்டவணையையும் படித்து முடித்துவிட்டான்.

"முடிஞ்சுதா?"

"இல்ல."

"ஒரு வட்டத்த கறுப்பாக்க எவ்வளவு நேரம்யா? நான் மாட்டுக்குத் தீவனம் வச்சுக்கிட்டே போட்டேன்."

"ட்வெய்ன், உனக்கு உன் ஆள் மேல ஒரு சந்தேகம்கூட இல்லையா?"

"சந்தேகமா? எதுக்கு? அவரு சொல்றதுல பாதி பொய்யின்னு எனக்கு நல்லாத் தெரியும். அப்புறம் சந்தேகம் எங்கேருந்து வரும்?"

வெர்னா, கேட்டுக்கொள். அவர்கள் பக்கம் இப்படி இருக்கிறார்கள். நம் பக்கம் நாம் எப்படி இருக்கிறோம் பார். நம் கட்சி நிறுத்தியிருக்கிற கால்டர்வுட்டை எடுத்துக்கொள். இருபது வருஷம் செனட்டில் "எல்லாருக்கும் பொது மருத்துவக் காப்பீடு" என்று தொண்டை கிழியக் கத்தின மனுஷன். வேட்பாளராக ஆன மறுநாளிலிருந்து அந்த வார்த்தையே வாயில் வரவில்லை. என் வீட்டு முன்னால் நட்ட அவர் பெயர்ப் பலகையைக்கூட ரோட்டைப் பார்த்து வைக்க மனசு வராமல் என் சமையலறை ஜன்னலைப் பார்த்து வைத்திருக்கிறேன். "யாருக்குய்யா பிரசாரம், உனக்கேவா?" என்று ட்வெய்ன் கேட்டான். ஆமாம், எனக்கேதான்!

எப்படியோ மனசைக் கல்லாக்கிக்கொண்டு அன்றைக்குக் கால்டர்வுட் வட்டத்தையே கறுப்பாக்கினேன். ட்வெய்ன் கையெழுத்துப் போட்டான். உறையை ஒட்டி ரோட்டோரத்திலிருக்கும் என் தபால் பெட்டியில் வைத்து, எடுத்துப் போகக் கடிதம் இருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கொடியையும் தூக்கிவிட்டு, வண்டியில் ஏறி ரேடியோவைத் திருப்பினால் அவரே பேசுகிறார்! பொதுக் காப்பீடு என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். "இது அதற்கான நேரம் இல்லை" என்கிறார் மனுஷன். இது நேரமில்லை என்றால் எது நேரம்? என் மனைவி ஆர்டிஸுக்கு எது நேரமாக இருந்தது? அவள் சிகிச்சைக்கான அனுமதி "பரிசீலனையில் இருக்கிறது" என்று கம்பெனிக்காரன் சொல்லிச் சொல்லி, அடக்கம் முடிந்த பதினோராம் நாள் அனுமதி வந்ததே, அந்தக் கடிதத்தை நீதானே பிரித்துப் படித்தாய்? எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. வண்டியைத் திருப்பி வந்து பெட்டிக்குள் கையை விட்டால், அந்த நேரம் பார்த்துத் தபால்கார லொரெய்ன் வந்து நிற்கிறாள்.

"பெரியவரே, கைய எடுங்க. அது பெட்டிக்குள்ள போயிட்டா அரசாங்கத்தோடது."

"என் பெட்டி, என் கடுதாசி, என் கை!"

"மூணும் உங்களுதுதான். கொடி தூக்கியிருக்கு பாருங்க, அதான் வம்பு."

எடுத்துக்கொண்டு போயே விட்டாள். அதற்குப் பிறகு அந்தச் சீட்டைச் செல்லாததாக்கிவிடச் சொல்லி நான் உனக்கு ஒரே நாளில் எத்தனை தடவை போன் பண்ணினேன், நீ என்னென்ன திட்டினாய் என்பதெல்லாம் அலுவலகக் கடிதத்தில் எழுதுகிற சமாச்சாரம் இல்லை.

ரெண்டாவது சீட்டு வந்ததும், இந்தத் தடவை தனியா முடிவெடுக்கக் கூடாதுன்னு நூலகத்துக் கீழ்த்தளத்துல நடக்கிற எங்க முற்போக்கு வட்டக் கூட்டத்துக்குப் போனேன். மொத்தம் ஏழு பேர், எட்டு அபிப்பிராயம். கால்டர்வுட்டை "ஆதரிக்கிறோம்"னு தீர்மானம் போடறதா, "வேறு வழியில்லாமல் ஆதரிக்கிறோம்"னு போடறதா, "பல்லைக் கடித்துக்கொண்டு ஆதரிக்கிறோம்"னு போடறதான்னு மூணு மணி நேரம் சண்டை. கடைசியில ஒருமனதா நிறைவேறின ஒரே தீர்மானம், அடுத்த கூட்டத்துக்கு யார் காபி கொண்டுவரணுங்கிறது. வெளியில வரும்போது மேவிஸ் என் சட்டையைப் பிடிச்சு நிறுத்தினா, அவதான் முன்னாடி நூலகரா இருந்தவ. "லேலண்ட், பயத்துக்கு ஓட்டுப் போட்டுப் போட்டுத்தான் நம்ம கட்சி இந்த கதிக்கு வந்து நிக்குது. ஒரு தடவையாவது மனசாட்சிக்குப் போடுங்க"ன்னா. சரிதானேன்னு பட்டுது. நேரா ட்வெய்ன் வீட்டுக்குப் போனேன். அவன் கதவைத் திறந்து, சீட்டைப் பார்த்ததும் தானாவே ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பிக்கிட்டான். அந்தச் சின்னக் கட்சிப் பொம்பளை ஓபல் ரெயின்ஹோல்ட் இருக்காளே, அவ வட்டத்தைக் கறுப்பாக்கி உறையை அனுப்பிட்டேன். அவ ஜெயிக்கப் போறதில்ல, அது அவளுக்கே தெரியும். ஆனா பொதுக் காப்பீடுன்னு இன்னிக்கும் வாயைத் திறந்து சொல்றவ அவ ஒருத்திதான். கறுப்பாக்கி முடிச்சப்போ ஆர்டிஸ் பக்கத்துல நின்னு சபாஷ்னு சொன்ன மாதிரி இருந்தது, பொய் சொல்லலை.

அந்த நிம்மதி ஊரே கூடிச் சாப்பிடற வெள்ளிக்கிழமை மீன் சாப்பாடு வரைக்கும்தான். பொரிச்ச மீனை வாயில வச்சிருக்கேன், நம்ம மாவட்டக் கட்சி ஆள் எர்வின் எதிர்ல வந்து உட்கார்ந்து, "மாநிலம் சரிபாதியா நிக்குது லேலண்ட். போன தடவை ஹெம்லாக்குல ஒம்போது ஓட்டுல கோட்டை விட்டோம், ஞாபகமிருக்கா? ஒவ்வொரு ஓட்டும் உசுரு"ன்னான். முள்கரண்டியைக் கீழே வச்சுட்டேன். ஒம்போது ஓட்டு! எங்க வட்டத்துல இருக்கிற ஏழு பேரும் மேவிஸ் பேச்சைக் கேட்டா என்ன ஆகும்? சுத்தியிருந்தவங்க முகத்தையெல்லாம் பார்க்கிறேன், யார் யாருக்குப் போடுவாங்கன்னு ஒண்ணும் புரியலை, எல்லாரும் ஒரே மாதிரி மீன் தின்னுக்கிட்டு இருக்காங்க.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை என் பொண்ணு சிக்னி வந்தா. உன் மருமக எப்படி இருப்பான்னு உனக்குத் தெரியுமே, வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே அரசியல் ஆரம்பிச்சுடுவா. சாப்பிட உட்கார்றதுக்கு முன்னாடி கைப்பையிலேருந்து மாத்திரை டப்பாவை எடுத்து, வாரத்துக்கு வேண்டியதை ஒவ்வொரு கட்டத்துலயும் போட்டு நிரப்பிக்கிட்டே பேசறா. மாத்தி வச்ச அந்தப் புதுச் சிறுநீரகத்தை உடம்பு வேண்டாம்னு தள்ளிடாம இருக்க உயிரோட இருக்கிறவரைக்கும் அந்த மாத்திரை வேணும். அவ நடத்தறது ஒரு சின்ன ரொட்டிக் கடை, காப்பீடு எடுத்துக் குடுக்க முதலாளி கிடையாது. மாத்திரை கிடைக்கிறது காப்பீட்டால, காப்பீடு கிடைக்கிறது, ஏற்கெனவே நோய் இருக்கிறவங்களைக் கம்பெனிக்காரன் விரட்டக் கூடாதுங்கிற அந்த ஒரு சட்டத்தால. அந்தச் சட்டத்தைத்தான் முதல் நாளே கிழிச்சுப் போடறேன்னு அந்த ஆள் மேடைக்கு மேடை சொல்லிக்கிட்டு திரியறான். இவ என்னடான்னா சிரிச்சுக்கிட்டே சொல்றா:

"அந்த முதுகெலும்பில்லாத கால்டர்வுட்டுக்கு ஊரே போடட்டும்ப்பா. நீங்க போட மாட்டீங்க. அம்மாவுக்கு நடந்ததைப் பார்த்தவர் நீங்க. எனக்குத் தெரியும் உங்களை."

நான் தலையை ஆட்டினேன் வெர்னா. வேற என்ன பண்றது? வாயில உருளைக்கிழங்கு இருந்தது, கையில முள்கரண்டி இருந்தது, கண்ணு அந்த டப்பாவை விட்டு நகரலை. அவளுக்குக் கொஞ்சம்கூட பயமே இல்லை. அவ பங்கையும் சேர்த்து எனக்குத்தான் பயம். ஓபலுக்குப் போட்ட உறை உன் ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கு, இங்கே என் பொண்ணு மாத்திரை எடுத்து வைக்கிறா. ஆர்டிஸுக்காக நான் போட்ட ஓட்டு சிக்னியோட உசுருக்கு உலை வச்சிட்டா? ஒருத்தி போயிட்டா. இருக்கிறது இவ ஒருத்திதானே? அவ கார் மறையறவரைக்கும் கையை ஆட்டிட்டு உள்ளே வந்து உனக்குப் போன் பண்ணினேன். நீ எடுத்ததும் "ரெண்டாவதையும் கெடுத்துடு"ன்னு கத்தினேன். நீ திருப்பிக் கத்தினே. கிளாரன்ஸ் பின்னாலேருந்து "உன் அண்ணனையே ஜனாதிபதியா ஆக்கிடுங்க, பிரச்சினை தீரும்"னது எனக்குக் கேட்டுது, அவர்கிட்ட சொல்லு.

ஆகையால், மதிப்பிற்குரிய எழுத்தர் அவர்களே, முடிவு பண்ணிட்டேன். மூணாவது சீட்டைக் கால்டர்வுட்டுக்குத்தான் போடப் போறேன். ரேடியோவை அட்டைப் பெட்டியில போட்டுக் கட்டி வச்சாச்சு. மேவிஸ் வந்தா நான் வீட்டுல இல்லைன்னு சொல்ல ட்வெய்ன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். கால்டர்வுட் மேல எனக்கு நம்பிக்கை வந்திடலை. ஜெயிச்சதும் இன்னும் எதையெல்லாம் கைவிடுவாரோன்னு கதிகலங்குது. ஆனா இருக்கிற அந்த ஒரு சட்டத்தையாவது கிழிக்க மாட்டார். அது போதும், என் பொண்ணுக்கு மாத்திரை வரும். ஒரே ஒரு வேண்டுகோள், இது எழுத்தருக்கு இல்லை, தங்கச்சிக்கு: சிக்னிக்கு மட்டும் இது தெரியவே கூடாது. அவ பார்வையில நான் கொள்கைக்காரனாவே செத்துப் போறேன்.

கர்த்தர் உன்னையும் கிளாரன்ஸையும் நீண்ட ஆயுளோடு வைத்திருக்கட்டும். உன் முட்டி வலி பனிக்காலத்துக்கு முன் குறையட்டும். கோழிகள் குறைவில்லாமல் முட்டையிடட்டும். சீட்டைச் சீக்கிரம் அனுப்பு.

இப்படிக்கு,
கீழ்ப்படிந்த வாக்காளனும் பாசமுள்ள அண்ணனுமான
லேலண்ட் ஸ்கோகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டறதுக்குள்ள சிக்னி போன் பண்ணினா. அவ ஊர்ல முன்கூட்டியே ஓட்டுப் போடலாமாம், இன்னிக்குக் காலையில போய் வரிசையில நின்னு போட்டுட்டு வந்துட்டாளாம். யாருக்குன்னு நான் கேட்கவே இல்லை, அவளே சொன்னா. ஓபலுக்கு.

"போன வாரம் வரைக்கும் கால்டர்வுட்டுக்குத்தான் போடறதா இருந்தேன்ப்பா. எனக்கும் பயம் இருக்காதா? ஆனா நீங்க அவருக்குப் போட மாட்டீங்க. அம்மாவ வச்சுக்கிட்டு நீங்க பட்ட பாட்டுக்கப்புறம், நான் மட்டும் என் மாத்திரைக்காகப் பயந்து அவருக்குப் போட்டுட்டு உங்க முகத்துல எப்படி முழிக்கிறது? உங்களுக்காகத்தான் போட்டேன்"னா.

என்னால அதுக்கு மேல அடக்க முடியலை. எல்லாத்தையும் கொட்டிட்டேன், ரெண்டு சீட்டையும், ட்வெய்ன் ஃபிரிட்ஜையும், ஞாயித்துக்கிழமை உருளைக்கிழங்கையும். நான் கால்டர்வுட்டுக்குத்தான் போடப் போறேன், உனக்காகத்தாண்டின்னேன். அப்புறம், "இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"ன்னு கேட்டா. மாத்திக்கோம்மா, போய்க் கேளுன்னேன். "எல்லா ஊர் எழுத்தரும் வெர்னா அத்தை இல்லப்பா"ன்னா. மாத்திரைக்கு என்னடி பண்ணுவேன்னேன். "பார்த்துக்கலாம்ப்பா"ன்னா. ஆர்டிஸும் கடைசி வாரம் வரைக்கும் இதையேதான் சொன்னா, வெர்னா.

அதனால மேல எழுதினதையெல்லாம் அடிச்சுடு. ஒரு சீட்டு பத்தாது. ரெண்டு அனுப்பு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் பொண்ணுக்கு. சட்டத்துல இடமில்லைன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் கேக்கறேன்.