கனகசபாபதியரின் பச்சை முட்டை

ஹியூபேட் நன்றி கெட்டவன் என்று வெள்ளவத்தையில் எத்தனை பேர் சொன்னாலும் சொல்லட்டும், ஒப்புக்கொள்ள முடியாது. இரண்டு வருஷம் முட்டை குடித்துவிட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டானாம். முட்டையைக் குடித்தது அவன்தான். கொக்கரித்தது யார்? அதை ஒருவராவது விசாரித்தீர்களா?

போஷகர் என்றொரு இனம் உண்டு. கல்லூரிப் பிள்ளைகள் ஓடுகிற மைதானம் எங்கெங்கு இருக்கிறதோ அங்கெல்லாம் குடை பிடித்துக்கொண்டு நிற்கும். தன் ஆயுளில் ஒரு பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியிராது. ஆனாலும் ஓட்டத்தைப் பற்றி அதற்குத் தெரியாதது இல்லை. சம்பளம் வாங்கி ஓடுகிறவனைப் போட்டியில் சேர்க்கக்கூடாது என்று துரைமார் எழுதிவைத்த விதியை, துரைமாரைவிடப் பக்தியாகக் காப்பாற்றுவதும் இந்த இனம்தான்.

கனகசபாபதியர் அதில் முதல் தரம். கொச்சிக்கடையில் இருந்துகொண்டு துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரின் மகன் ஹியூபேட். கல்லூரியில் ஒரு மைல் ஓட்டத்தில் அவன் முதலாவதாக வந்த அன்றே பிடித்துக்கொண்டார். சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். தினமும் பின்னேரம் இரண்டு பச்சை முட்டை, ஒரு கிளாஸ் பால். எங்கே? வெள்ளவத்தையில் அவர் வீட்டு விறாந்தையில், வந்திருக்கிற விருந்தாளிகள் பார்க்க, நின்றபடி. பஸ்ஸுக்குக் காசு கொடுத்தால் சம்பளமாகிவிடுமே, ஆகையால் அது கிடையாது. ஹியூபேட் கொச்சிக்கடையிலிருந்து காலிமுகம், கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி எல்லாம் தாண்டி ஓடிவந்து, முட்டையைக் குடித்துவிட்டு, அதே வழியே ஓடி வீடு சேரும்போது வயிறு பழையபடி காலியாக இருக்கும். இதற்குப் பெயர் பயிற்சி.

"என்ர முட்டைதான் ஓடுது, பாத்தனீங்களோ?" என்பார் மைதானத்தில். கால் யாருடையது என்ற கதை அங்கே எழுந்ததேயில்லை.

அந்த மாசியில் ஹியூபேட்டின் தங்கை காய்ச்சலில் விழுந்து எழும்பினாள். உடம்பு தேற முட்டை கொடுக்கச் சொன்னார் டாக்டர். மூட்டை சுமக்கிற வீட்டில் முட்டைக்கு எங்கே போவது?

"ஐயா, இன்டைக்கு நான் குடிக்கல. இந்த ரெண்டையும் தங்கச்சிக்குக் கொண்டுபோறன்."

"இஞ்ச நிண்டு குடிச்சா ஆதரவு, தம்பி. வீட்டை கொண்டுபோனா அது சம்பளம். ஆரும் பெட்டிசம் போட்டா உன்னை ஓட விடமாட்டாங்கள்."

"இஞ்சருங்கோ, பிள்ளைக்குச் சுகமில்லை எண்டெல்லோ கேக்கிறான்," என்றார் மனைவி பாலேஸ்வரி, கதவுக்குப் பின்னால் நின்று.

"உமக்கு விளையாட்டைப் பற்றி என்ன தெரியும்? சும்மா இரும்."

ஹியூபேட் சப்பாத்தைக் கழற்றித் தூசு தட்டி, விறாந்தையில் சோடியாக வைத்தான். முட்டை இரண்டையும் லேஞ்சித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு படியிறங்கினான். பாலேஸ்வரி பார்த்தார், பார்க்காதவர்போல் உள்ளே போய்விட்டார்.

கனகசபாபதியர் படலை வரை வந்தார். "எட தம்பி, சனிக்கிழமை போட்டியடா. என்ன நடக்கிறாய்? ஓடு."

"ஓடினா உடஞ்சிரும், ஐயா."

காலி வீதி என்கிற அந்தப் பெருந்தெருவில் வெறுங்காலோடு, கொச்சிக்கடை வரை நடந்தே போனான். அதற்குப் பிறகு அந்த வாசலை அவன் மிதிக்கவில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று தலையாட்டுகிறீர்கள். நல்லது. போன வருஷம் யாருக்கோ ஒரு பழைய சட்டை கொடுத்தீர்களே. அவன் தெருவில் எதிரே வந்தால் முதலில் முகத்தைப் பார்க்கிறீர்களா, சட்டையையா?