பற்றீரியாவுக்குக் குடை பிடித்தவர்

கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்காகத் தன் மொட்டைத் தலையை வெயிலில் காயவிட்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் உருத்திரபுரத்தில் இருக்கிறார். ஊருக்கு அவர் 'குடையர்'.

நான் அங்கே விவசாயப் போதனாசிரியராகப் போன புதிது. எங்கள் வீட்டில் முதன்முதல் புத்தகம் தூக்கியவன் நான். அந்தப் பெருமையோடு பொதுநோக்கு மண்டபத்தில் கச்சான் என்கிற நிலக்கடலைச் செய்கை பற்றி வகுப்பெடுத்தேன். கறுப்புத் தூள் பைக்கற் ஒன்றைத் தூக்கிக் காட்டினேன்.

"இதுக்குள்ள கோடிக்கணக்கில நல்ல பற்றீரியா இருக்கு. விதையில பூசி விதைச்சால் வேரில குடியிருந்து, காத்தில இருக்கிற நைதரசனைப் பிடிச்சுப் பயிருக்குக் குடுக்கும். மண்ணும் வளமாகும். வெயில் காட்டக்கூடாது. யூரியாவை அள்ளிப் போட்டால் பற்றீரியா சோம்பேறியாகிடும்."

எல்லோரும் தேத்தண்ணி வருகிறதா என்று வாசலைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் எழும்பினார், பிறகு குடையர் என்று பெயரெடுத்தவர்.

"தம்பி, இவ்வளவு பேரும் உந்தப் பைக்கற்றுக்குள்ள எப்பிடி மூச்சு விடுறது?"

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பைக்கற்றை ஈரத்துவாயில் சுற்றி, சைக்கிளில் பள்ளம் பார்த்துப் பார்த்து வீட்டுக்குக் கொண்டு போனார். பிரிஜ்ஜிலிருந்து மனைவி சரசக்காவின் தயிர்ச்சட்டி வெளியே வந்தது. பைக்கற் உள்ளே போனது.

"கிருமிக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டில எனக்கு இல்லை" என்றார் சரசக்கா.

"சத்தம் போடாதையும், அதுகள் படுத்திருக்குதுகள்."

விதைப்பு நாளில், தூள் ஒட்டுவதற்கான கஞ்சி ஆறிவிட்டதா என்று முழங்கையால் தொட்டுப் பார்த்தார், பிள்ளை குளிப்பாட்டும் தாயைப்போல. மாலை வெயிலைக்கூட அவர் நம்பவில்லை. விதை வாளியின் பிடியில் குடையைக் கட்டி, வாளியை நிழலோடு இழுத்துக்கொண்டு, தான் வெயிலில் வெந்தார்.

"அண்ணை, குடையை உங்கட தலைக்குப் பிடியுங்கோவன்!"

"எனக்குப் பழகிப்போச்சு தம்பி. இதுகள் இண்டைக்குத்தானே வெளியில வந்ததுகள்."

காணி சரசக்காவின் சீதனம். "இந்தப் போகம் பிழைச்சால் காணியை என்ர தம்பியிட்டக் குடுத்திடுவன். பிறகு வரம்பிலயும் கால் வைக்கேலாது" என்று அவர் முன்னமே சொல்லிவிட்டார். கச்சான் முளைத்தது. பிறகு மெல்ல மஞ்சளடித்தது. ஒரு காலை குடையரிடமிருந்து அழைப்பு.

"தம்பி, ஓடி வாங்கோ! மச்சான் யூரியாவோட வாறான்!"

நான் மோட்டார்சைக்கிளால் இறங்கி, ஹெல்மெட்டும் கழற்றாமல் ஓடிப் போனபோது மைத்துனர் உரப்பையோடு நின்றார், பக்கத்தில் சரசக்கா. குடையர் வாய்க்கால் ஓரத்து வரம்பில் வழிமறித்துக் குறுக்கே படுத்திருந்தார்.

"அத்தான், எழும்புங்கோ. பயிர் பசியில சாகுது."

"என்னை மிதிச்சிட்டுப் போ!"

பற்றீரியா வேரில் முடிச்சு வைக்கும்வரை இலை கொஞ்சம் வெளிறும் என்று படித்திருக்கிறேன், கண்டதில்லை. "ஒரு செடியைப் பிடுங்கிப் பாப்பம்" என்றேன்.

"உயிரோடயோ?" குடையர் அலறினார்.

சரசக்காவே இறங்கிப் பிடுங்கினார். வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சுகள்.

"பாத்தியளே, வேரில நோய்!" என்றார் மைத்துனர்.

"அக்கா, ஒண்டை நகத்தால கிள்ளுங்கோ. உள்ளுக்குச் சிவப்பெண்டால் வேலை செய்யுதுகள்" என்றேன்.

கிள்ளினார். உள்ளே இளஞ்சிவப்பு. சரசக்கா இன்னொன்றைக் கிள்ளினார். அதுவும் சிவப்பு. தன் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"எடேய், பையைத் திருப்பிக் கொண்டு போ. இஞ்சாருங்கோ, எழும்புங்கோ. உடுத்த சாரமெல்லாம் சேறு."

மைத்துனர் முணுமுணுத்தபடி போனார். சரசக்கா தேத்தண்ணி போடப் போனார். வென்ற மனிதர் துள்ளுவார் என்று பார்த்தால், குடையர் பிடுங்கிய செடியைத் தூக்கி, விரலால் குழி தோண்டி, வேரை மெல்ல இறக்கிக்கொண்டிருந்தார்.

"குறை நினையாதை மோனை" என்று அதனிடம் சொன்னார்.

அது தப்புவது அரிது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஹெல்மெட்டைக் கழற்றி, வாய்க்கால் தண்ணீரை அதில் அள்ளி, பாதி வழியில் ஒழுக ஒழுக அவரிடம் ஓடினேன்.