தொட்டிக்குள் போன பாஸ்வேர்ட்

யாரும் கேட்காத வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர் நான். ஆட்களின் வருகையைப் பதிகிறவன் என்பதால், உலகத்தையே ஒழுங்குபடுத்தப் பிறந்தவன் என்று நினைப்பு. (நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.)

குடும்பத்தின் பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரே பூட்டுக்குள் வைக்கும் செயலி ஒன்றைத் தேடினேன். பெண் பார்ப்பதுபோல மூன்று வாரம் பார்த்தேன். ஒன்று காசு கேட்டது, இன்னொன்று கேள்வி மேல் கேள்வி கேட்டது. கடைசியில், என் ஒரு போனில் மட்டும் திறக்கும் இலவசச் செயலி ஒன்றைப் பிடித்தேன்.

"ஏனுங்க, போன்லயும் கம்ப்யூட்டர்லயும் தொறக்கற மாதிரி பாருங்க" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

"போனு என் கைய விட்டு எங்க போவப் போவுது?" என்றேன். அத்தோடு விட்டேனா? மகள் ஜெனியின் ஈமெயில் உட்பட எல்லாவற்றுக்கும் வாயில் நுழையாத பாஸ்வேர்ட் போட்டு, ஒவ்வொன்றையும் ஸ்டெல்லாவிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஜெனி நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். இரண்டு வருடம் காத்திருந்த வேலை. மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். அன்று மூன்றரை மணிக்கு நான், தோல் உரித்த காப்பிக்கொட்டை ஊறும் தொட்டியின் விளிம்பில் நின்று போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தேன். கை வழுக்கியது. போன் 'களுக்' என்று உள்ளே போனது. பின்னாலேயே நானும் இறங்கினேன். (விழுந்தேன் என்று ஆட்கள் சொல்வதை நம்பாதீர்கள்.) போன் கிடைக்கவில்லை. ஒரு செருப்பும் கூடப் போனது.

புளித்த வாடையோடு வீட்டுக்கு ஓடினேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஜெனி, "அப்பா, பாஸ்வேர்ட் சொல்லுங்க" என்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

"மறந்துட்டேன்னு போட்டாலும் ஓடிபி உங்க போனுக்குத்தானே வரும்!" என்றவள் அழுதேவிட்டாள். பெற்ற பிள்ளையின் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டிருந்தேன்.

ஸ்டெல்லா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நவுரு கண்ணு" என்று உட்கார்ந்து எதையோ திறந்தாள். ஜெனியுடையது, என்னுடையது, எல்லா பாஸ்வேர்டும் வரிசையாக நின்றன. அவள் போனிலும் அதேதான். நான் பீற்றிக்கொண்ட ஒவ்வொன்றையும் அன்றன்றே தன் செயலியில் ஏற்றி வைத்திருக்கிறாள், மகராசி!

"இத எப்பத் தேடிப் புடிச்ச?"

"நீங்க மூணு வாரம் பாத்தீங்க. நான் ஒரு மத்தியானம் பாத்தனுங்க."

நாலரைக்கு விண்ணப்பம் போய்விட்டது. 'அப்பவே சொன்னேன்' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானாக இருந்தால் மைக் செட் கட்டிச் சொல்லியிருப்பேன்.

ஜெனி இப்போது சேலத்தில் நர்ஸ். மிக்ஸியோ குடையோ, நான் எது வாங்கினாலும் போனில் அவள் முதல் கேள்வி, "ஏப்பா, தொட்டிக்குள்ளயும் வேல செய்யுமா?" என்பதுதான். ஸ்டெல்லா கேலி செய்வதில்லை. காப்பி சீசன் முழுக்க, நான் வேலைக்குக் கிளம்பும்போது என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "இப்பப் போயிட்டு வாங்க" என்பாள்.