சம்பந்தி சொன்ன கெக்

பீர் அடைத்து வைக்கும் எஃகுப் பீப்பாயான கெக்கின் வாய்க்குள் டெல்மர் மூன்றாம் முறையாக மூக்கை விட்டுப் பார்த்தார். அப்போதும் ரூட் பீர் வாசனைதான். பெயரில்தான் பீர், அது பிள்ளைகள் குடிக்கிற சோடா.

அந்தக் கெக் ஏதோ ஒரு சோடாக் கடையில் பல வருஷம் உழைத்துவிட்டு அவரிடம் வந்திருந்தது. புதிதாக ஒன்று வாங்கலாம் என்றுதான் இருந்தார். "பழசுதான் உறுதி" என்று மனதை மாற்றியவர் நார்பர்ட், மகளுக்கு மாமனாராகப் போகிறவர். ஷெபாய்கன் ஊரில் வீட்டு பீர் என்றால் நார்பர்ட் வீட்டு பீர்தான். முப்பது வருஷப் பெயர். அவர் சொன்னால் டெல்மருக்கு வேதவாக்கு.

நிச்சயதார்த்த விருந்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், கல்யாணத்துக்கு பீர் என் பொறுப்பு என்று டெல்மர் சொல்லித் தொலைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் ருசி பார்க்க வருகிறார்கள். தேறாவிட்டால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

போன் போட்டார்.

"சம்பந்தி, வாஷரையெல்லாம் மாத்திடட்டுமா? ரப்பர்ல வாசனை ஏறிப்போச்சு."

"எதுக்கு வீணா? வெந்நீர்ல ரெண்டு அலசு அலசுங்க, போயிடும்."

அலசினார். பேஸ்மென்ட்டில் புளித்துத் தயாராக இருந்த பீரை ஊற்றி மூடி, நுரை பொங்க வைக்கும் சோடா கேஸ் சிலிண்டரை மாட்டினார். சனிக்கிழமை காலையில் ஒரு வாய் குடித்தால், நுரையே இல்லாமல் கஷாயம் மாதிரி இருந்தது. ரூட் பீர் வாசனை மட்டும் போகவில்லை.

கேஸ் பீருக்குள் இறங்க ஒரு வாரம் ஆகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஒரு வாரமெல்லாம் யார் காத்திருப்பது என்றார் நார்பர்ட் போனில். கேஸை முழுசாகத் திறந்துவிட்டு, கெக்கைப் படுக்க வைத்து உருட்டச் சொன்னார். டெல்மர் மதியம் வரை உருட்டினார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

மனைவி லோயிஸ் படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, பீர் காய்ச்சறீங்களா, ரோடு போடறீங்களா?"

குழாயைத் திறந்தால் வெறும் நுரை. மறுபடியும் போன்.

"மூடியில ஒரு வளையம் இருக்குல்ல? அதைப் பிடிச்சு ஒரே இழுப்பு இழுங்க. சரியாயிடும்."

சரியாகவில்லை. பீர் சீறிக்கொண்டு கூரை வரை போய், திரும்பி வரும் வழியில் லோயிஸ் சர்ச்சுக்குப் போட்டுக்கொள்ளத் தேய்த்து மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையில் இறங்கியது. அவள் இறங்கி வந்து சட்டையை எடுத்துக்கொண்டு மேலே போனாள். இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் டெல்மருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்து அடுப்பில் பிராட் சாசேஜ் சுட்டாயிற்று. கெக்கில் மிஞ்சியதில் நாலு டம்ளர் தேறியது, அதிலும் பாதி நுரை. நார்பர்ட் ஒரு வாய் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார். வானத்தைப் பார்த்தார்.

டெல்மருக்கு ஒரே பெண். அவள் கல்யாணத்தில் தன் கையால் ஒன்றைப் பரிமாற வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

"நீங்க சொன்னபடிதான் எல்லாம் செஞ்சேன் சம்பந்தி. எனக்குக் கைராசி இல்லை. கல்யாணத்துக்கு நீங்களே காய்ச்சிடுங்க."

நார்பர்ட் திடீரென்று சாசேஜை மிகுந்த கவனத்துடன் நறுக்கத் தொடங்கினார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி ஆர்லீன், உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இவர் சொன்னபடியா? அட பாவமே! முப்பது வருஷமா எங்க வீட்ல பீர் காய்ச்சறது நான்தான், இவரை நான் பேஸ்மென்ட் படியே இறங்க விட்டதில்லையே."