நீக்குவதற்கு ஒரு கையெழுத்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம். நீங்களும் எங்கள் மகளும் எல்லா முழங்கால்களோடும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லியே என்னை முடித்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அது நடக்காது.

விஷயம் இதுதான். நம் அடுக்குமாடிக்காக நீங்கள் செய்துகொடுத்த இணையதளத்தின் கலந்துரையாடல் பலகையை ஒன்றாம் தேதியிலிருந்து ஓர் இயந்திரமே பார்த்துக்கொள்ளும், கெட்ட பதிவுகளைத் தானே நீக்கிவிடும், "மாமா இனிமே நிம்மதியா ரெஸ்ட் எடுக்கலாம்" என்று செய்தி அனுப்பியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஓய்வு பெற்றபின், பலகையைப் பார்த்துக்கொள்ளும் இந்த மூன்று மாதமாகத்தான் நான் காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டுகிறேன். அந்தப் பொறுப்பை என்னிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள் என்று கேட்கவே இக்கடிதம்.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவன். அங்கே ஓர் எழுத்தை அடித்தாலும் பக்கத்தில் சம்பந்தப்பட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். அதே ஒழுங்கில்தான் பலகையையும் நடத்துகிறேன். ஒரு பதிவு வரம்பு மீறினால் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, பத்து மணிக்குக் கிளம்பி, எழுதியவர் வீட்டுக்கே போய், "இதை நீக்கலாமா?" என்று கேட்டு, கையெழுத்து வாங்கி, காபி கொடுத்தால் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்துதான் பொத்தானை அழுத்துகிறேன். பதிவுக்குப் பக்கத்தில் இரண்டு படம் இருக்கிறதல்லவா? ஒன்று குப்பைத்தொட்டி. ஒரு மனிதர் மெனக்கெட்டு எழுதியதைக் குப்பையில் போடுவது மரியாதையில்லை என்று அதை நான் தொட்டதே இல்லை. குறுக்கே கோடு போட்ட கண் படத்தைத்தான் அழுத்துவேன், பதிவு சத்தமில்லாமல் மறைந்துவிடும். இப்படி இதுவரை இருநூற்றுப் பதினான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

சறுக்கல்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். போன மாதம் பிளம்பர், "நாளை தண்ணி வராது, யாரும் என்னைக் கூப்பிட்டு உயிரை வாங்க வேண்டாம்" என்று போட்டிருந்தார். இரண்டாம் பாதி எனக்குப் பிடிக்கவில்லை, கையெழுத்து வாங்கி நீக்கிவிட்டேன். மறுநாள் தலையில் சோப்பு நுரையோடு நிற்கும்போதுதான் முதல் பாதி ஞாபகம் வந்தது. ஆச்சரியம் என்னவென்றால், மற்ற எல்லா வீட்டிலும் வாளி வாளியாகப் பிடித்து வைத்திருந்தார்கள். உங்கள் மாமியார்கூட சமையலறையில் இரண்டு வாளி ஒளித்து வைத்திருந்தாள். எப்படித் தெரிந்தது என்றால், "ஏதோ தோணிச்சு" என்றாள். அதேபோல, நான் நீக்கிய பதிவுகளுக்கு நாலு நாள் கழித்தும் வரி வரியாகப் பதில் எழுதுகிறார்கள். இந்தக் கட்டடத்து மக்களின் ஞாபகசக்தியைப் பார்த்து நான் வாயடைத்துப் போயிருக்கிறேன்.

பெரிய வழக்கு, இரண்டாம் மாடியில் வீட்டிலேயே வைத்தியம் பார்க்கும் பல் டாக்டருக்கும் அவர் தலைக்கு மேல் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் டிரம்ஸ் டீச்சருக்கும். "மேல் வீட்டில் இடி இடிக்கிறது, மழையைத்தான் காணோம்" என்று டாக்டர் எழுத, "கீழ் வீட்டு அலறலில் என் மாணவர்கள் தாளம் தப்புகிறார்கள்" என்று டீச்சர் எழுத, பலகை பற்றி எரிந்தது. லிஃப்ட் வேலை செய்யாத வாரம் வேறு. "முதல்ல அந்தம்மா எழுதினத எடுங்க சார், அப்புறம் நான் போடறேன் கையெழுத்து" என்கிறார் டாக்டர். "அவர் போட்டாதான் நான் போடுவேன் சார்" என்கிறார் டீச்சர். ஏறி இறங்கி என் முழங்கால் போனது அப்போதுதான். கடைசியில், "ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வாங்க, ஒரே மேஜையில ஒரே நேரத்துல போடுங்க" என்று சொல்லிவிட்டேன். வந்தார்கள். கையெழுத்துக்கு ஒரு நிமிடம், பேச்சுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. இப்போது டாக்டர் பல் பிடுங்குவதே சாயங்காலம் டிரம்ஸ் வகுப்பு நேரத்தில்தான். நோயாளி கத்துவது நோயாளிக்கே கேட்பதில்லையாம். டாக்டருக்கு வாயெல்லாம் பல். உங்கள் இயந்திரம் இதைச் செய்யுமா மாப்பிள்ளை? அதற்கு மாடிப்படி ஏறத் தெரியுமா?

ஆகவே பலகை என்னிடமே இருக்கட்டும். இன்று அதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை, துடைத்த கண்ணாடி மாதிரி இருக்கிறது. மகளுக்கு எங்கள் முத்தங்கள். நீங்கள் இருவரும் சண்டை போட்டாலும் அன்றைக்கே பேசிவிட்டு, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் மாமியார் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தன் போனைக் காட்டினாள். இருநூற்றுப் பதினான்கும் அப்படியே இருக்கின்றன! "அந்தக் கண் படம் அமுக்கினா உங்க ஒருத்தர் கண்ணுக்கு மட்டும்தாங்க மறையும். முதல் வாரமே எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு" என்கிறாள். பிறகு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க வீட்டுக்கு வர மாட்டீங்களே! நீங்க வந்து உக்காந்து பேசணும்னுதான் வேணும்னே திட்டி எழுதறாங்க. எனக்கும் பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் வீடு அமைதியா இருக்கு" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

எனவே மேலே நான் நீக்கியதாக வரும் இடங்களையெல்லாம் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சரிபார்த்துக்கொள்ளவும். இயந்திரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரும் டீச்சரும் சேர்ந்து என் மூக்கைப் பற்றி இப்போதுதான் ஏதோ போட்டிருக்கிறார்களாம். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.