ஏரிக்காட்சி நகர் மழைத்தோட்டம்

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. அதைத் தூர்த்து, மனை பிரித்து, சிமென்ட் பாதை போட்டு மிருகங்களுக்கு விற்றார்கள். போன ஏரிக்கு மரியாதையாக 'ஏரிக்காட்சி நகர்' என்று பெயரும் வைத்தார்கள். ஏரி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. முதல் மழையில் அதுவே வந்து காட்சி கொடுத்தது.

நகரின் தென்மேற்குக் கோடியில், இருப்பதிலேயே பள்ளமான மனையில், செங்கமலம் என்ற வெள்ளெலி வளை தோண்டிக் குடியிருந்தாள். மழை பெய்தால் எல்லார் வீட்டுக் கூரைத் தண்ணீரும் பாதைத் தண்ணீரும் கேட்காமலே அவள் வளைக்குள் நுழையும். போன மழையில் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு மனை வேலிமேல் ஏறித்தான் பிழைத்தாள். இப்போது மறுபடியும் கண் திறக்காத குட்டிகள். மேகம் கறுத்தாலே அவள் குட்டிகளை எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

வருஷா வருஷம் வெளிநாடு போய்வரும் உள்ளான் பறவைதான் அந்த யோசனையைச் சொன்னது. "அங்கெல்லாம் மழைத்தோட்டம் வைக்கிறாங்க அக்கா. பள்ளமான இடத்துல கிண்ணம் மாதிரி தோண்டி, மணல் கலந்த மண்ணைப் போட்டு, வெட்டிவேர், கோரை, கல்வாழை நட்டுடணும். தெருத்தண்ணி அதுல நின்னு மெதுவா பூமிக்குள்ள இறங்கிடும். யார் வீட்டுக்கும் வராது."

செங்கமலத்தின் வளைக்கு முன்னால் பொது இடம் சும்மாதான் கிடந்தது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டே விட்டாள். வெளிநாட்டு விஷயம் என்றதும் செயலாளர் பெருச்சாளி சொக்கிப்போனார். "பக்கத்துக் காட்டுல இது இல்லையே?" என்று மட்டும் உறுதிசெய்துகொண்டு, உடனே சம்மதித்தார்.

இடம் பார்க்க வாஸ்து நிபுணர் பல்லி வந்தது. பள்ளத்தைக் கண்டதும் பதறியது.

"கன்னி மூலையில குழியா? குடும்பத் தலைவருக்கு ஆகாது சார். தண்ணின்னா ஈசானிய மூலைதான்."

"ஈசானிய மூலை மேடாச்சுங்களே ஐயா. தண்ணி எப்படி மேல ஏறும்?" என்றாள் செங்கமலம்.

"ஏம்மா, வாஸ்து படிச்சது அவரா, நீயா?" என்றார் பெருச்சாளி.

அந்த நேரம் பார்த்துப் பல்லி உச்சுக்கொட்டியது. பல்லி சொல்லிவிட்டால் சத்தியம் என்று எல்லா மிருகங்களும் தரையில் விரலால் தட்டிக்கொண்டன. தன் வாக்குக்குத் தானே சாட்சி சொல்லிக்கொள்ளும் வசதி வேறு எந்த நிபுணருக்கு உண்டு? பேச்சு அதோடு முடிந்தது.

வடகிழக்கு மேட்டின்மேல் இன்னும் மண் கொட்டி, உச்சியில் மழைத்தோட்டம் எழுப்பினார்கள். பூனை நுழையாமலிருக்கக் கம்பி வேலி போட்டார்கள். யானையார் வந்து ரிப்பன் வெட்டினார். செடியெல்லாம் மழையில் கெட்டுவிடக் கூடாதே என்று மேலே தகரக் கொட்டகையும் போட்டார்கள்.

மழை கொட்டியது. தண்ணீர் மழைத்தோட்டத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் செங்கமலத்தின் வளைக்குப் போனது. அவள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மனை வேலிக்கும் வளைக்கும் ஓடினாள். கடைசிக் குட்டி தண்ணீரில் முங்கி, மூச்சுத் திணறி, ஒருவழியாகப் பிழைத்தது. அன்று அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

மழை விட்டதும் பெருச்சாளி குடையோடு சுற்றிப் பார்க்க வந்தார். "நம்ம மழைத்தோட்டத்துல ஒரு சொட்டு தேங்கலை பாருங்க!" என்று பூரித்தார். பிறகு தென்மேற்குப் பக்கம் திரும்பினார். செங்கமலத்தின் வளை குளமாகி, தவளைகள் குடியேறியிருந்தன. அவர் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது? சங்கத்துக்குத் தெரியாம தனியா ஒரு மழைத்தோட்டமா? அதுவும் கன்னி மூலையில!"

"இது என் வீடு சார்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மண்ணைப் போட்டு மேடா, கெட்டியா மூடிடணும். நீ எங்கயாவது காஞ்ச இடமாப் பார்த்துப் போய்க்கோ."

செங்கமலம் மேட்டிலிருந்த தகரக் கொட்டகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "சரிங்க சார்" என்றாள்.

ஊரே திரண்டு மண் சுமந்து அவள் வளையை மேடாக்கியது. அவள் குட்டிகளோடு நகரிலேயே காய்ந்த இடத்தைத் தேடிப் போனாள். மழைத்தோட்டத்தில் தகரக் கூரை இருந்தது. தோண்டத் தோதாக மணல் மண், படுக்க வெட்டிவேர், பூனைக்குப் பயப்படாமலிருக்க வேலி. செயலாளர் சொல்லித்தான் வந்தேன் என்றதும் வேலிக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

அடுத்த மழையில் தண்ணீர் வழக்கம்போலத் தென்மேற்குக்கு வந்தது. மேடு மறித்தது. அடுத்த பள்ளம் பெருச்சாளியின் பங்களா, தரைக்குக் கீழேயே மூன்று அடுக்கு. தண்ணீர் மூன்றையும் நிதானமாக நிரப்பியது.

பெருச்சாளி குடும்பத்தோடு நீந்தி, மேடேறி, சொட்டச் சொட்ட வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "செங்கமலம்மா, கொஞ்சம் இடம் குடும்மா. பிள்ளைங்க நடுங்குது."

"பிள்ளைங்களைத் துவட்டி அனுப்புங்க சார், என் குட்டிங்களோட படுத்துக்கட்டும்" என்றாள் செங்கமலம். "நீங்க மட்டும் ஈரத்தோட உள்ள வந்துடாதீங்க. இது மழைத்தோட்டம்."

நீதி: மழைத்தோட்டத்தை எப்போதும் மேட்டில், கூரை போட்டுக் கட்டவும். குடியிருக்க அதைவிட நல்ல இடம் அமையாது.