வீடும் வீடு ஐந்தும்

அன்பும் ஆசியும் நிறைந்த தம்பிக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். மற்றவர்கள் நலமா என்பது கதவைத் தட்டிக் கேட்டால்தான் தெரியும். தட்டினால் "மீட்டிங்" என்கிறார்கள். உன்னோடு போனில் பேசினால் என் குரல் அந்த மீட்டிங்கில் கேட்கிறதாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நாலு கொம்பு வைத்த ஒரு வைஃபை ரூட்டரை அனுப்பினாயே, அதைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்.

பழைய ரூட்டர் என் அறை ஜன்னலோரம் இருந்தது உனக்கு நினைவிருக்கும். அதன் சக்தி என் வாசற்படியோடு தீர்ந்துவிடும். அதனால் மொத்தக் குடும்பமும் என் அறையில்தான் பிழைப்பு நடத்தியது. மருமகள் என் கட்டில் நுனியில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்ப்பாள். "மாமா, கேமராவுல உங்க கால் தெரியுது, கொஞ்சம் மடக்கிக்கோங்க" என்பாள். மகன் பீரோவில் சாய்ந்து தரையில். பேத்திகள் இரண்டு பேரும் என் தலையணைகளைப் பிடுங்கிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில். வேலை தேடிக்கொண்டிருக்கும் மருமகளின் தம்பி, மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே அரைக்கால் டிரவுசருமாக நின்றபடி நேர்காணலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான். கால் நீட்ட இடமில்லை என்று உன்னிடம் புலம்பினேன். புலம்பினது வாஸ்தவம். அதற்காக ஒருத்தன் அதை நம்பிவிடுவதா? அண்ணன் புலம்பினால் "ஆமாண்ணே, கஷ்டந்தான்" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ரூட்டர் வாங்கி அனுப்பக் கூடாது.

புதுசை ஹாலில், எல்லா அறைக்கும் நடுவில் மாட்டினார்கள். அன்றே என் அறை காலி. இந்த ரூட்டரில் இரண்டு இணைப்பு வருமாம். ஒன்றுக்கு 'வீடு' என்றும் இன்னொன்றுக்கு 'வீடு 5' என்றும் மகன் பெயர் வைத்தான். முப்பத்தாறு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் இல்லையா, எண்ணைப் பார்த்ததும் தலைகளை எண்ணினேன். மகன், மருமகள், பேத்திகள் இரண்டு, மருமகளின் தம்பி. சரியாக ஐந்து. என்னைக் கழித்துவிட்டுத்தான் பெயர் வைத்திருக்கிறான் என்று இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. நான் பேசவில்லை என்பது யாருக்கும் தெரியவும் இல்லை. மூன்றாம் நாள், கோபமாக இருக்கிறேன் என்று நானே போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.

சின்னப் பேத்தி விழுந்து விழுந்து சிரிச்சா. "ஐயோ தாத்தா, அது ஆள் கணக்கு இல்ல, அலைவரிசை. அஞ்சு வேகமா போகும், ஆனா ரெண்டு சுவருக்கு மேல தாங்காது. இன்னொண்ணு மெதுவா போனாலும் சுவர் தாண்டி வரும். உங்க போனுக்கு அஞ்சு கிடைக்காது. நீங்க வீட்டுலயே இருங்க, நாங்க அஞ்சுல இருக்கோம்"னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா. இப்ப வீட்டுல இருக்கிறது நான் ஒருத்தன்தான் தம்பி. சாப்பிடக்கூட யாரும் குரல் கொடுக்கிறதில்ல, குடும்பக் குழுவுல 'சாப்பாடு ரெடி'ன்னு மெசேஜ் வருது. என் போனுக்கு அது ஆடி அசைஞ்சு வந்து சேர்றதுக்குள்ள அவங்க தட்டைக் கழுவிட்டுப் போயாச்சு. சரி, ரூட்டர் பக்கத்துல உக்காந்தா யாராவது வந்துதானே ஆகணும்னு நாற்காலியை ஹாலுக்குத் தூக்கிட்டுப் போனேன். மகன் தலையை மட்டும் நீட்டி, "அப்பா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, சிக்னலை மறைக்கிறீங்க"ன்னான். தள்ளி உக்காந்து, பச்சை விளக்கு மினுக்குறதைப் பாத்துக்கிட்டிருந்தேன். உன் அண்ணி இருந்தவரைக்கும் பேச்சுக்குப் பஞ்சமில்ல. அவ போனப்புறம் அந்தக் கட்டில் நுனியில யாராவது ஒருத்தர் உக்காந்திருந்தாங்க, அது போதுமா இருந்துச்சு. இப்ப தாராளமா கால் நீட்டிப் படுக்கிறேன். தூக்கம்தான் வரல.

ஆகவே, நீ நேரில் வந்து அதைக் கழற்றிக்கொண்டு போகவும். நீங்கள் எல்லோரும் ஒரே அறையில் இடித்துக்கொண்டு நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

உன் அண்ணன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், கொடுக்கப்போகிற பொருளாயிற்றே என்று ரூட்டரைத் துடைத்தேன். பின்பக்கம் ஒரு சின்னத் துளையில் அழுக்கு இருந்தது. ஊசியால் குத்தி எடுத்தேன். ரூட்டரின் எல்லா விளக்கும் அணைந்தது, வீட்டின் எல்லாக் கதவும் திறந்தது. உள்ளே குத்தினால் எல்லாவற்றையும் அழித்துவிடும் ரீசெட் பொத்தானாம் அது; மகன் பழையபடி சரிசெய்ய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை ஐந்து பேரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து திட்டினார்கள். மருமகள் திட்டிக்கொண்டே டீ போட்டுக் கொடுத்தாள். ரொம்ப நன்றாக இருந்தது. நீ வர வேண்டாம், ரூட்டர் இங்கேயே இருக்கட்டும். வாரத்துக்கு எத்தனை தடவை குத்தினால் அது கெட்டுப்போகாது என்று மட்டும் எனக்குத் தனியாக எழுது.